யுர்ரேயின் இடது முழங்கால்

வெள்ளிக்கிழமை மாலை நாலரை.
உட்ரெக்ட்டில் அதற்குள் இருட்டிவிட்டது.
குழாய் வந்தது: பத்து மில்லி,
வைக்கோல் நிறம், கொஞ்சம் கலங்கல்.
ஒட்டிய தாளில் பெயர் இல்லை.
ஓர் எண், ஏழு வயது, இடது முழங்கால்.

பெயர் எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது.
ஆனால் என் சைக்கிளைப் பழுது பார்க்கும்
ஹன்னெகேயின் கடை மத்தியானம் பூட்டியிருந்தது.
கதவில் அவள் கிறுக்கல்:
"பையனோடு ஆஸ்பத்திரியில். திங்கள் வாங்க."

சுழற்றினேன். அடியில் படிந்தது
நகக்கண் அளவு வெண்மை.
ஒரு பிள்ளையைப் படிக்கட்டில்
பின்பக்கமாக இறங்க வைக்கிற படை
இவ்வளவுதான்.

அதன் எதிரே உன்னை வைத்தேன்,
வெப்ப அதிர்ச்சிப் புரதமே.
அறுபது என்று எண்ணால் கூப்பிடுகிறோம் உன்னை,
கைதியைக் கூப்பிடுவது போல.
காய்ச்சல் கண்டால், மூச்சு முட்டினால்
செல் முதலில் தேடுவது உன்னைத்தான்.
மடிப்புக் குலைந்த புரதங்களை
உன் பீப்பாய் வயிற்றுக்குள் வாங்கி
மறுபடி மடித்து அனுப்புகிறாய்,
ஈரத் துணியை உதறி மடிப்பவள் போல,
ஒரு நன்றியும் கேளாமல்.

உள்ளே இருக்கும்வரை சரி.
செல் கிழிந்து நீ வெளியே சிந்தினால்
அடுப்புத் தீ கூரை ஏறிய கதை.
காவல் செல்கள் மோப்பம் பிடித்து
ஊரையே எழுப்பும்.
போன மார்ச்சில் ஒரு சிறுமி, பன்னிரண்டாம் எண்.
அவள் தட்டில் நீ விசிறிதான் வீசினாய்.
இரண்டு மணிக்கட்டும் போயின,
அப்புறம் தாடை.
ஆப்பிளைத் துருவித்தான் கொடுக்கிறார்களாம்.

இன்னொரு வில்லங்கம்:
கிருமிகளுக்குள்ளும் நீ இருக்கிறாய்,
ஏறக்குறைய பாதி எழுத்து அச்சு அசல்.
எத்தனையோ கோடி ஆண்டுகளாக
உன்னை முழுசாகத் திருத்தி எழுத
எந்த உயிருக்கும் துணிச்சல் வரவில்லை.
பகைவன் முகமும் பங்காளி முகமும் ஒன்றென்றால்
காவல்காரன் யாரை அடிப்பான்?
தன் உடலையே அடையாளம் காணும் செல்
துரோகி என்றுதான் நான் படித்தேன்.

ஐந்து நாள், முப்பத்தேழு டிகிரி.
சனிக்கிழமை வேலை இல்லாதபோதும் வந்து
இன்குபேட்டர் கண்ணாடி வழியே பார்த்தேன்.
பார்க்க ஒன்றுமில்லை, இளஞ்சிவப்புத் தண்ணீர்.
வெளியே கால்வாய் ஓரம் மெல்லிய பனிக்கட்டி.
வாத்து ஒன்று அதன்மேல் வழுக்கி விழுந்து
யாரும் பார்க்காதது போல நடந்து போனது.

புதன்கிழமை எண்கள் வந்தன.
அவன் செல்கள் உன்னைக் கண்டு பெருகியிருந்தன,
நன்றாகவே பெருகியிருந்தன.
எனக்கு வயிற்றில் சில்லிட்டது.
பிறகு அடுத்த பத்தி:
அவை சுரந்திருந்தது இன்டர்லூக்கின் பத்து.
அடி என்ற சொல் அல்ல அது,
போதும் என்ற சொல்.
உன்னைத் தெரிந்துகொண்டதால்தான்
ஓங்கிய கையை இறக்கியிருந்தன.

"ஒரு முழங்கால் ஒரு முழங்கால்தான்,"
என்றான் யெல்லே, காபியைக் கலக்கிக்கொண்டே.
இன்னொரு தரம் எண்ணினேன்.
அதேதான்.

வியாழன் காலை கடைக்குப் போனேன்.
"ஆரஞ்சுப் பழம் மாதிரி வீங்கிக் கிடக்கு,"
ஹன்னெகே சக்கரத்தைப் பார்த்தே பேசினாள்,
"எத்தனை நாளைக்குன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."
என் நாக்கு நுனியில் ஓர் எண் இருந்தது.
சொல்ல எனக்கு உரிமையில்லை.
சொன்னாலும் அது வாக்கு அல்ல,
தராசின் ஒரு சிறு சாய்வு.
கையுறையைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டேன்.

மூலையில் யுர்ரே,
இடது காலைப் பழைய டயர்மேல் நீட்டி,
செயினைக் கண்ணி கண்ணியாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.
"உங்க பிரேக்குல தப்பு என்னன்னா,"
தலை நிமிராமல் சொன்னான்,
"பிடிக்கத் தெரியுது. விடத் தெரியல."

ஏழரை யூரோ கொடுத்தேன்.
பாலத்தின் இறக்கத்தில்
ஒரு தரம் அழுத்திப் பார்த்தேன்.
பிடித்தது.
விரலைத் தளர்த்தினேன்.
விட்டது.